ஆறு டாலரும் பத்துப் பென்சிலும்

ஏற்றத்தாழ்வு பற்றிப் பாடம் நடத்தும்போது வருமானக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அந்த இடைவெளியை மக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில்லை. உயர்நிலை வகுப்புகளில் இதைத் தாராளமாகப் பேசலாம்.

நார்வேயின் பெர்கன் நகரப் பொருளியல் ஆய்வாளர்கள் ஆல்மோஸ், காப்பெலன், டுங்கோடன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கைகொடுக்கும். இருவர் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு 6 டாலர், மற்றவருக்கு ஒன்றுமில்லை. அப்படியே விடுவதா, பங்கிடுவதா என்பதைத் தொடர்பில்லாத மூன்றாமவர் முடிவு செய்வார். குலுக்கலில் கிடைத்த பணம் என்று சிலரிடமும், கூடுதலாக வேலை செய்து பெற்றது என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். அமெரிக்கா, நார்வே இரண்டிலுமே குலுக்கலைவிட உழைப்பால் வந்த இடைவெளியை மக்கள் கூடுதலாக ஏற்றார்கள். எப்படிக் கேட்டாலும் நார்வே மக்களைவிட அமெரிக்கர்கள் அதிக இடைவெளியை ஏற்றார்கள். தொகை அதே 6 டாலர்தான். அது வந்த வழிதான் வேறு.

வகுப்பில் இதைச் செய்ய 10 பென்சில் போதும். இரண்டு மாணவர்கள் போட்டியாளர்கள், மற்றவர்கள் நடுவர்கள். முதலில் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கே பத்தையும் கொடுங்கள். "ஆளுக்கு அஞ்சு குடுங்க சார்" என்பார்கள். அடுத்து வேறு இருவருக்குக் கணக்குப் போட்டி. "அவதானே போட்டா, அவளே வச்சுக்கட்டும்" என்று பேச்சு மாறும்.

மூன்றாவது சுற்றுதான் முக்கியம். அதே போட்டிதான், ஆனால் முந்தைய நாளே ஒருவரிடம் மட்டும் கணக்குகளைக் கொடுத்துப் பழகிவரச் சொல்லுங்கள். போட்டி முடிந்த பிறகு நடுவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போடும். அடக்காதீர்கள். அவன் உழைத்ததும் உண்மை, வாய்ப்பு அவனுக்கு மட்டும் கிடைத்ததும் உண்மை. டியூஷன், வீட்டில் படித்த அக்கா, மாலையில் மாடு பிடிக்கப் போக வேண்டாத நிலை எல்லாம் இந்த மூன்றாவது சுற்றைச் சேர்ந்தவைதான். (திறமையாட்சி என்ற கருத்தை 1958-இல் நூலாக எழுதிய மைக்கேல் யங் அதைக் கேலியாகத்தான் எழுதினார், இன்று அது பாராட்டாகப் புழங்குகிறது.)

உழைப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. "நமக்கு மண்டையில ஏறாது" என்று சொல்லும் பிள்ளை, தன் மதிப்பெண்ணை நியாயமான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பாடம் முதலில் தேவை.

பேச்சு பென்சிலை விட்டு யாருடைய குடும்ப நிலைமைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில், மூன்றாவது சுற்றில் பென்சிலை எப்படிப் பிரிப்பேன், ஏன் என்று ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம்.