நான்கு பற்கள் சொல்லும் கணக்கு

பல்வலி என்று விடுப்பு எடுக்கும் குழந்தைகள் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் வகுப்பில் எத்தனை பேருக்குச் சொத்தைப் பல் இருக்கிறது என்று கேட்டால், வலி என்று வந்து சொன்னவர்களை மட்டுமே நம்மால் எண்ணிக் காட்ட முடியும். சொத்தை வெகு நாள் வலிக்காமலே வளரும் என்பதால் அந்த எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும். எல்லாக் குழந்தைகளின் எல்லாப் பற்களையும் சோதிக்க நேரமும் ஆளும் வேண்டும். வகுப்பின் நிலையை மதிப்பிட மட்டும் என்றால் சில பற்களைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அதற்கு ஏற்றவை முதல் பின்கடைவாய்ப் பற்கள் நான்கு. வாயின் நடுவிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு பக்கமும் ஆறாவது பல்; முளைப்பதும் ஏறத்தாழ ஆறு வயதில். எந்தப் பால் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமின்றி முளைப்பதால் பெற்றோர் பலர் இதையும் விழுந்து முளைக்கும் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் உணவு தங்கும். நிரந்தரப் பற்களில் சொத்தை முதலில் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். கீழ்த்தாடையின் முன்பற்களில் சொத்தை அரிது. அவற்றைப் பார்த்து முடிவு செய்தால் வகுப்பே நலமாகத் தோன்றும்!

எண்ணும் முறையை 1938இல் கிளைன், பால்மர், நட்சன் ஆகிய மூவர் அமெரிக்காவின் ஹேகர்ஸ்டவுன் நகரத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து வகுத்தனர். சொத்தையான பல், சொத்தையால் பிடுங்கப்பட்ட பல், அடைக்கப்பட்ட பல் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். பிடுங்கியதை விட்டுவிட்டால், பல்லை இழந்த குழந்தை சொத்தை இல்லாத குழந்தையாகக் கணக்கில் ஏறிவிடும். எட்டு வயதில் ஒரு பால் பல் இல்லையென்றால் அது தானாக விழுந்ததா, பிடுங்கியதா என்று சொல்வது கடினம். ஆறாவது பல்லில் அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். 30 மாணவர்கள், 120 பற்கள். பாதிக்கப்பட்டவை 36 என்றால் சராசரி 1.2. பெரிய பாதிப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 36இல் 30 பற்கள் பத்து மாணவர்களிடம் மட்டுமே இருந்தால்? அவர்களின் சராசரி 3. மற்ற இருபது பேருக்கு 0.3. அதிகப் பாதிப்புள்ள மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியைத் தனியே கணக்கிடும் வழக்கம் 2000ஆம் ஆண்டு முதல் பல் நல ஆய்வுகளில் உள்ளது. என் பார்வையில் ஆசிரியருக்கு அந்த இரண்டாவது சராசரிதான் முக்கியம். புள்ளியியல் பாடத்தில் சராசரி எதை மறைக்கும் என்று காட்டவும் இது நல்ல எடுத்துக்காட்டு.

வயதைக் கவனிக்காமல் இம்முறையைப் பயன்படுத்தக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் பலருக்கு இந்தப் பற்கள் முழுதாக முளைத்திராது. அங்கே பால் கடைவாய்ப் பற்களைத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒப்பீட்டுக்கு 12 வயதைப் பரிந்துரைக்கிறது. ஞானப்பற்கள் தவிர மற்ற நிரந்தரப் பற்கள் அநேகமாக அப்போது வந்திருக்கும். அதற்குப் பின் இரண்டாம் பின்கடைவாய்ப் பற்களிலும் சொத்தை தொடங்குவதால், பத்தாம் வகுப்பில் நான்கு பற்களின் கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இன்னொன்று, இது வகுப்புக்கான மதிப்பீடு. நான்கு பற்களும் நன்றாக உள்ள ஒரு குழந்தைக்கு வேறு பல்லில் சொத்தை இருக்கலாம்.

வாயைத் திறந்து பார்ப்பதை ஆண்டுதோறும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் விட்டுவிடுவோம். குச்சியாலோ ஊக்காலோ பல்லைக் குத்திப் பார்ப்பது கூடவே கூடாது. குழு வரும்போது ஆறாவது பற்களின் நிலையை வரிசை எண்ணுக்கு நேரே குறித்துத் தரும்படி கேட்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற புளூரைடு மிகுந்த பகுதிகளில் பல்லில் காணும் பழுப்புக் கறை சொத்தை அல்ல. அதைத் தனியே குறிக்கச் சொல்ல வேண்டும். பட்டியலைக் கரும்பலகையில் எழுத வேண்டாம். அந்தப் பத்துப் பேரின் பெற்றோரைத் தனித்தனியே அழைத்து, இது இனி விழுந்து முளைக்காத பல் என்பதை முதலில் சொல்வோம்; அரசு மருத்துவமனையின் பல் பிரிவு எந்த நாள்களில் இயங்குகிறது என்பதையும் விசாரித்து எழுதிக் கொடுப்போம்.