டேபிள் ரோஸ் பூக்கவில்லையா?

தண்டு மட்டும் நீண்டு தொங்குகிறது, மொட்டைக் காணோம் என்றால் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. தொட்டியை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழாவிட்டால் பூக்காது. மேகமூட்டமான நாளில் மொட்டு விரியாது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

2. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். குண்டு குண்டான இலைகளே நீரைச் சேர்த்து வைத்திருக்கும். அடித்தண்டு கண்ணாடிபோல் மாறி, தொட்டால் கொழகொழவென்று நசுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. நுனிகளை உடனே கிள்ளி வேறு தொட்டியில் நட்டுக் காப்பாற்றுங்கள்.

3. செம்மண்ணில் பாதியளவு மணல் கலந்து, தொட்டியின் துளை அடைபடாமல் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் தாங்காது.

4. பூத்து ஓய்ந்த கிளைகளின் நுனியை 3 அங்குலம் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து, நுனிக்கு நுனி மொட்டு வரும். கிள்ளியதை வீசாதீர்கள், அப்படியே நட்டால் வேர்பிடிக்கும். தரையை மூடும் அழகு இப்படித்தான் கிடைக்கும்.

5. யூரியா போடாதீர்கள். இலைதான் கொழுக்கும்.

6. வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பரவவிட்டால் சாறு உறிஞ்சி நுனிகளைச் சுருட்டிவிடும்.