விமானப் பயண நேரத்தை நீங்களே கணக்கிடலாம்

ஊத்தங்கரையிலிருந்து பெங்களூரு சென்று டெல்லிக்கு விமானம் ஏற வேண்டுமா? கூகுள் மேப்ஸில் பெங்களூரு விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ‘மெஷர் டிஸ்டன்ஸ்’ தேர்ந்தெடுக்கவும். அடுத்து டெல்லி விமான நிலையத்தில் கிளிக் செய்திடவும். நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,700 கி.மீ. எனக் காட்டும்.

இதை 800ஆல் வகுத்தால் 2 மணி 8 நிமிடம். ஓடுதளத்தில் ஊர்வது, ஏறுவது, இறங்குவதற்கு 40 நிமிடம் கூட்டுங்கள். கால அட்டவணையும் ஏறத்தாழ இதையே சொல்லும்.

சாலைக்கு இக்கணக்கு உதவாது. 2008இல் திறந்த இந்நிலையம் நகரின் வடக்கே, தேவனஹள்ளியில் உள்ளது. ஓசூர் வழியே செல்வோர் நகரையே கடக்க வேண்டும். எனவே ‘டைரக்ஷன்ஸ்’ பிரிவில், ‘அரைவ் பை’ கிளிக் செய்து, விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முந்தைய நேரத்தைத் தரவும். வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.