உப்பட்டியும் நேர்வெட்டும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் உழவர், விளைந்து நிற்கும் நெற்பயிரையே "வேளாண்மை" என வழங்குவர். "வேளாண்மை வெட்டியாயிற்றா?" என்னும் வினா தை, மாசி மாதங்களிலே படுவான்கரை எங்கணும் கேட்பது. இக்காலத்தார் அதற்கு "மெசின் வந்து போயிற்று" என்று விடையிறுப்பர். அவர்தம் தந்தையரோ "வெட்டி உப்பட்டியிலே கிடக்கிறது" என்றிருப்பர். இவ்விரு விடைகளையும் கூலிச் செலவையும் நேரத்தையும் கொண்டு ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். நெல்மணி எவ்விடத்திலே, எத்தனை நாளிலே உலர்கின்றது என்பதை வைத்து ஒப்பிடுவோர் சிலரே. விவசாயங் கற்கும் மாணவர்க்கும், வயலுடைய பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு அப்பொருளை ஈண்டு ஆராய்வாம்.

பழைய முறையை முதற்கண் நோக்குவோம். தாக்கத்தியால் அரிந்த தாளைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து அடிக்கட்டையின் மேல் வைப்பர். இச்சிறு குவைகளே உப்பட்டி. அவை இரண்டு மூன்று நாள் வெயிலிலும் காற்றிலும் கிடந்து வாடும். பின்னர் அவற்றைக் கட்டுக்களாகக் கட்டிக் களவெட்டிக்குக் கொண்டு சென்று சூடு வைப்பர். நெற்போரைக் குறிக்கும் சூடு என்னுஞ் சொல் பொருநராற்றுப்படையிலே பயின்று வருவது. ஏட்டிலே உரைகாண வேண்டிய இச்சொல்லை எழுத்தறியாத முல்லைக்காரனும் நாடோறும் வழங்கினான் என்பதை இலக்கிய மாணவரும் குறித்துக்கொள்க. சூடு வைப்பதிலே ஒரு நுட்பமுண்டு. கதிர் உட்புறமாகவும் தாளின் அடி வெளிப்புறமாகவும் அடுக்கி, முகட்டைக் கூரைபோலக் குவித்துவிடுவர். மழை பெய்யினும் நீர் தாளின்வழி வழிந்தோடும், கதிர் நனையாது. நன்கு வைத்த சூடு வாரக்கணக்கில் நிற்கும். ஆளும் மாடும் வாய்த்தபோது அடித்துப் பொலி காணலாம்.

சூடு மிதித்த எருதும் எருமையும் போய் உழவு இயந்திரம் வந்தது. அதன்பின் சூடடிக்கும் பொறி வந்தது. இவை மிதிக்குந் தொழிலை மாத்திரமே மாற்றின. உப்பட்டியும் சூடும் இருந்தவாறே இருந்தன. ஆகலின் நெல் உலர்வதற்குரிய நாட்களும் இருந்தன. அவற்றை நீக்கியது, நின்ற பயிரை நின்றவாறே அறுத்து, அடித்து, தூற்றித் தரும் கூட்டு அறுவடைப் பொறியே. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் இப்பொறி நம் வட்டைகளிலே பெருகிற்று. எட்டுப் பத்துப் பேர் பகல் முழுதும் வெட்டும் ஓர் ஏக்கரை இது ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலே முடித்துவிடும். கூலியாள் கிடையாத இந்நாளிலே இதனைப் பழித்தல் பொருந்தாது. ஆனால், அது தரும் நெல் ஈரநெல் என்பதை மறத்தலும் பொருந்தாது.

எவ்வளவு ஈரம்? கதிரிலே நூற்றுக்கு எண்பது முதல் எண்பத்தைந்து மணிகள் பொன்னிறமுற்ற பருவமே அறுவடைக்கு உரியது. அப்பொழுது மணியின் ஈரம் நூற்றுக்கு 20 முதல் 25 வரை இருக்கும். சேமித்து வைப்பதற்கோ 14க்கு மேற்படலாகாது. நெல் சந்தைப்படுத்தும் சபை வைத்திருக்கும் எல்லையும் 14 ஆகும். இனி ஒரு கணக்குச் செய்வோம். நூறு கிலோ நெல்லில் ஈரம் 22 எனின், நீரொழிந்த பொருள் 78 கிலோ. அதனை ஈரம் 14 ஆகும்வரை உலர்த்தினால் அந்த 78 கிலோ புதிய எடையில் நூற்றுக்கு 86 பங்காக நிற்கும். 78ஐ 86ஆல் வகுத்து நூறாற் பெருக்க 90.7 கிலோ வரும். போனது 9.3 கிலோ நீர். வயல்வரம்பிலேயே நெல்லை வாங்கும் வியாபாரி மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கும்போது, அக்கழிவு இக்கணக்கோடு ஒத்ததோ மிகுந்ததோ என அறிய வல்லவர் எத்தனை பேர்? ஈரமானி ஒன்று ஊர்ச் சங்கத்திலே இருக்குமாயின் இவ்வழக்கு வரம்பிலேயே தீர்ந்துவிடும்.

"அவ்வாறாயின் நெல்லைப் பயிரிலேயே நன்றாக உலரவிட்டு அதன்பின் பொறியை இறக்கலாமே" எனச் சிலர் கூறுவர். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும் இவ்வழியிலேதான் பெரிய இழப்பு ஒளிந்திருக்கின்றது. பகல் வெயிலில் உலர்ந்து ஈரம் 15க்குக் கீழிறங்கிய மணி, இரவிலே பனியையோ தூறலையோ ஏற்குமாயின், அதன் வெளிப்புறம் நீரை உறிஞ்சிப் புடைக்கும். உட்புறம் உலர்ந்தவாறே நிற்கும். புடைத்த புறம் இழுக்க, இழுபடும் உள் வெடிக்கும். உமிக்குள்ளே நிகழும் இவ்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆலையிலே தீட்டும்போது முழு அரிசி குறைந்து குறுநொய் மிகும். சிறுபோகத்து நெல் முற்றும் காலத்திலே கச்சான் காற்று நண்பகலில் மணியை வறட்டுவதும், இரவிலே வாவிக்கரையில் ஈரம் படிவதும் இவ்வெடிப்புக்கு ஏற்ற சூழலாகும். மணி உதிர்வும் அக்காலத்திலே மிகும். நெல்லை அவித்துக் குத்துமிடத்து இக்குறை பெரும்பாலும் மறைந்துவிடும். அவிக்கும்போது மாப்பொருள் கூழாகி வெடிப்பை ஒட்டிவிடுவதே காரணம். நம் பக்கத்தார் புழுங்கலரிசி உண்பவராதலின் இவ்விழப்பை நெடுங்காலம் உணராதிருந்தனர் போலும். பச்சையரிசிக்கு நெல் விற்பார்க்கோ அது விலையிலே தெரியும்.

வெட்டிக் கிடத்துவதா, நின்றவாறே வெட்டுவதா என்னும் இவ்வழக்கு நம் நாட்டுக்கே உரியதன்று. நம் பழைய மாணவர் பலர் குடியேறியுள்ள கனடாவின் மேற்குப் புல்வெளி மாகாணங்களாகிய மனிற்றோபா, சஸ்கச்சுவான், அல்பேர்ட்டா ஆகியவற்றிலே கனோலா என்னும் எண்ணெய்வித்துப் பயிருண்டு, கடுகின் இனத்தது. அதன் காய்கள் ஒருங்கு முற்றுவதில்லை. அடிக்காய் முற்றி வெடிக்குங்கால் நுனிக்காய் பச்சையாகவிருக்கும். ஆதலால் தலைமைத் தண்டின் விதைகளில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு நிறம் மாறியதும் பயிரை வெட்டி வரிசை வரிசையாகக் கிடத்தி, ஒன்றிரண்டு வாரம் உலரவிட்டு, அதன்பின் பொறியால் அள்ளி அடிப்பர். அவர்தம் உப்பட்டி அது. பெருங்காற்று அவ்வரிசைகளைச் சுருட்டியெறிந்து ஓராண்டு உழைப்பைச் சிதறடிப்பதும் உண்டு. காய் எளிதில் வெடியாத புதிய இனங்கள் கடந்த சில ஆண்டுகளிலே வந்தபின் நேர்வெட்டு அங்கும் பரவுகின்றது. அங்கே பொறிக்கு ஏற்பப் பயிரைத் திருத்தினர். விளைவை உலர்த்தும் கொள்கலங்களையும் பண்ணையிலே நிறுத்தினர். நாமோ பொறியை மாத்திரம் வாங்கினோம்.

பெரும்போகத்திலே இக்குறை மிகவும் உறைக்கும். வடகீழ்ப்பருவ மழை தையிலும் விட்டுவிட்டுப் பெய்யும். 2011ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் இருமுறை வந்த வெள்ளம் கிழக்கு மாகாணத்து வயல்களை மூழ்கடித்ததை யாரும் மறந்திரார். மழைக்காலத்திலே எது சேமம்? சூடு வைத்த நெல் சேமம். நின்ற பயிர் ஒரு தூறலைத் தாங்கும். உப்பட்டியிலே கிடக்கும் நெல்லோ நனைந்தால் முளைக்கும். வெட்டிய நாளுக்கும் சூடு வைக்கும் நாளுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று நாட்களே பழைய முறையின் பலவீனம். இரண்டு நாள் வெயில் கிடைத்தால் வட்டை முழுவதையும் வாரிவிடலாம் என்பது பொறியின் பலம். ஆயினும் வாரிய ஈரநெல் மூடையிலே கிடந்தால் உயிர்ப்பினால் வெப்பங் கொள்ளும், ஒரு நாள் கடந்தால் பழுதுறத் தொடங்கும், அரிசி மஞ்சளிக்கும், விதைநெல்லாயின் முளைத்திறன் கெடும். வயலிலே இருந்த ஆபத்து வீட்டு வாசலுக்கு இடம்பெயர்ந்தது என்க. தார் வீதியின் ஒரு பாதியை நெல் மறைத்துக் கிடப்பதும், மழைமுகில் கண்டு பெண்டிர் அதனை வாரி ஓடுவதும் அதனால் நேர்வனவே.

எனது கருத்து இது: சமமான, நீர் வடிந்த, சாயாத வரவைக்கு நேர்வெட்டே தகும், ஆனால் பொறிக்கு நாள் குறிக்குமுன் உலர்த்துவதற்குக் களம் குறித்தல் வேண்டும். பயிர் சாய்ந்து சேற்றிலே படுத்த தாழ்நிலத்துக்கும், ஒருசில ஏக்கரில் தனியே பேணும் விதைநெல்லுக்கும் தாக்கத்தியே ஏற்றது. பொறி வயலுக்கு வயல் செல்லுங்கால் களைநெல்லின் மணியையும் உடன்கொண்டு செல்லும். ஆதலால் விதை வயலுக்குள் துப்புரவு செய்யாத பொறியை விடுதல் அறியாமை. இன்னொன்று: இக்காலத்தில் வெட்டும் நாளைப் பயிர் தீர்மானிப்பதில்லை, பொறியின் முறையே தீர்மானிக்கின்றது. முறை தவறினால் மீண்டும் வராதென்னும் அச்சத்தால் பச்சை மணியோடு வெட்டுவோரும், முறைக்குக் காத்திருந்து முற்ற விடுவோரும் ஒரே வட்டையில் உளர். ஒரே காலத்தில், ஒரே வயது இனத்தை விதைக்க வட்டையார் கூடி முடிவுசெய்தால் இது பெரிதும் குறையும்.

பொறி சிந்தும் நெல்லை அளக்க மாணவர் ஒரு சோதனை செய்யலாம். ஒரு மீற்றர் நீள அகலமுள்ள மரச்சட்டத்தைப் பொறி சென்ற தடத்திலே வைத்து, வைக்கோலை விலக்கி, உள்ளே கிடக்கும் மணிகளை எண்ணுக. வெட்டாத பயிரின் அடியிலும் அவ்வாறே எண்ணிக் கழித்துக்கொள்க. அது தானே உதிர்ந்தது. ஏறக்குறைய நாற்பது மணி ஒரு கிராம். ஆகவே சதுர மீற்றருக்கு நாற்பது மணி எனின் ஏக்கருக்கு நான்கு கிலோ. நானூறு எனின் நாற்பது கிலோ. இத்தொகையைக் காட்டிக் கேட்டால் சாரதி வேகத்தைக் குறைப்பார், காற்றாடியையும் திருத்துவார். முன்னாளில் சிந்திய கதிரைப் பொறுக்கி ஏழைப் பெண்டிர் சில மரைக்கால் நெல் சேர்த்தனர். பொறி சிந்துவது கதிரன்று, தனி மணி. அதனைப் பொறுக்குவார் யார்?

வெடிப்பையும் காணலாம். வெட்டும் நாளில் நின்ற பயிரிலிருந்தும், மூன்று நாள் கிடந்த உப்பட்டியிலிருந்தும், பத்து நாள் பிந்தி வெட்டிய வரவையிலிருந்தும் நூறு நூறு மணி எடுத்து, நிழலிலே உலர்த்தி, கையால் உமி நீக்குக. கண்ணாடித் தட்டிலே பரப்பிக் கீழே விளக்கை வைத்து நோக்கினால் வெடித்த மணியின் குறுக்கே மயிரிழை போன்ற கோடு தெரியும். மூன்று தொகையையும் எண்ணி, வெட்டிய திகதி, இனத்தின் பெயர், அந்நாட்களின் மழை, பனி ஆகியவற்றோடு குறிப்பேட்டிலே பதிந்து, சிறுபோகத்திலும் அதே வரவையிலே எண்ணுக.