குடிதண்ணீரும் கொலஸ்டிராலும்



இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்டிரால் 240-க்கு மேல் என்று வந்துவிட்டால் டாக்டர் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய் எவ்வளவு சேர்க்கிறீர்கள்? இறைச்சி உண்டா? தாய் தகப்பனுக்கு இருந்ததா? தினமும் நடக்கிறீர்களா? சர்க்கரை வியாதி, தைராய்டு கோளாறு ஏதும் உண்டா? "எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள்?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பதற்கும் நியாயம் உண்டு என்பதை அமெரிக்காவில் ஒரு நதிக்கரை ஜனங்கள் தங்கள் சொந்த இரத்தத்தைக் கொடுத்துக் காட்டினார்கள். இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே, ஓஹையோ நதிக்கரையில், டூபாண்ட் கம்பெனி பல ஆண்டுகள் நடத்திய பெரிய தொழிற்சாலை ஒன்று உண்டு. டெஃப்லான் தயாரிப்பதற்காக 1951 முதல் அங்கே பி.எஃப்.ஓ.ஏ. என்ற இரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். எட்டு கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் சி-8 என்றும் அதைச் சொல்வார்கள். தயாரிப்பின்போது உதவிக்குச் சேர்க்கப்படும் சோப்பு போன்ற பொருள் அது. (அப்படியானால் நம் வீட்டிலுள்ள ஒட்டாத தோசைக்கல்லில் அது இருக்குமா என்று கேட்பீர்கள். செய்து முடித்த பாத்திரத்தில் அது மிகச் சொற்பமே. தொல்லை கொடுத்தது தொழிற்சாலையின் புகையும் கழிவும்தான்.)

இந்தப் பொருளில் கார்பனும் ஃப்ளோரினும் மிக உறுதியாகப் பிணைந்திருக்கின்றன. வெயிலும் மண்ணும் கிருமிகளும் அதை எளிதில் உடைக்க மாட்டா. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. கழிவாக நதியில் கலந்தது. புகைபோக்கி வழியாகக் காற்றில் ஏறி, மண்ணில் படிந்து, நிலத்தடி நீருக்கும் இறங்கியது. அக்கரையிலுள்ள லிட்டில் ஹாக்கிங் என்ற ஊரின் கிணறுகளும் தப்பவில்லை.

தன் மாடுகள் ஒவ்வொன்றாக நோயுற்றுச் சாவதைப் பார்த்த ஒரு விவசாயி, 1998-இல் ராபர்ட் பிலட் என்ற வக்கீலைத் தேடிப் போனார். அதுவரை இரசாயனக் கம்பெனிகளுக்காக வாதாடி வந்தவர் பிலட்! அந்த ஒரு வழக்கிலிருந்து பிறந்ததே, 2001-இல் அந்தத் தண்ணீரைக் குடித்த ஜனங்கள் எல்லாருக்காகவும் தொடுக்கப்பட்ட பெரிய வழக்கு. 2004-இல் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி கொடுத்த தொகையில் 7 கோடி டாலரைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இந்த இரசாயனம் மனுஷரை என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு அதைச் செலவிட்டார்கள். இந்தத் தீர்மானம்தான் நம்மை மிகவும் யோசிக்க வைக்கிறது. ஏனெனில் அன்று அதற்கு விடை எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

2005 ஆகஸ்ட் முதல் 2006 ஆகஸ்ட் வரை, ஆறு குடிநீர்ப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 69,000 பேர் வந்து, கேள்வித்தாளை நிரப்பி, இரத்தமும் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் 400 டாலர் கொடுக்கப்பட்டது. பணத்துக்காக வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அதனால் இரத்தத்தின் கணக்கு மாறிவிடாதே. இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட மூன்று ஆய்வாளர்களிடம் முடிவு ஒப்படைக்கப்பட்டது.

கொலஸ்டிரால் பற்றிய அறிக்கை 2009-இல் வெளிவந்தது. கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடாத 46,294 பெரியவர்களை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இரத்தத்தில் சி-8-இன் நடு அளவு மில்லிலிட்டருக்கு 27 நானோகிராம். (ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோகிராம்.) அக்காலத்தில் அமெரிக்காவின் மற்ற ஜனங்களுக்கு அது ஏறத்தாழ 4 தான். சி-8 அளவுப்படி ஜனங்களைப் பத்துப் படிகளாகப் பிரித்தபோது, கடைசிப் படியில் இருந்தவர்களைவிட உச்சப் படியில் இருந்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்டிரால் 11 முதல் 12 மில்லிகிராம் வரை கூடுதலாக இருந்தது. நான்கு படிகளாகப் பிரித்து, கொலஸ்டிரால் 240-ஐத் தாண்டும் வாய்ப்பை முதல் படிக்கு 100 என்று வைத்தால், அடுத்த படிகளுக்கு 121, 133, 138 என்று வந்தது. படிக்குப் படி ஏறுகிறதைக் கவனியுங்கள். நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். மட்டும் அசையவில்லை.

12 மில்லிகிராம் பெரிதா என்று கேட்கலாம். ஒருவருடைய சீட்டில் அது சிறிய வித்தியாசமே. ஒரு ஊர் முழுவதும் அப்படி ஏறினால் 240 என்ற கோட்டைத் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர் கூடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும்பும். பி.சி.பி. போன்ற பழைய மாசுப் பொருட்கள் கொழுப்பில் கரைபவை; இரத்தத்தில் கொழுப்பு கூடினால் அவையும் அதோடு கூடித் தெரியும். அப்படியானால் எது காரணம், எது விளைவு? சி-8 அந்த வகை அல்ல. அது இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு சுற்றுகிறது. ஆனாலும் வேறொரு சிக்கல் உண்டு. பித்தநீர் குடலுக்குப் போய் மறுபடியும் ஈரலுக்குத் திரும்புகிறதல்லவா? சி-8-உம் அதே பாதையில் போய்த் திரும்புகிறது. சிலருடைய சரீரம் இரண்டையும் அதிகமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளுமானால், சி-8 குற்றம் செய்யாமலே இரண்டு அளவுகளும் சேர்ந்து உயரக்கூடும்.

இதற்குப் பதில் தேட நல்ல வழி, தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டுப் பார்ப்பதே. கரித்துகள் வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. 2010-இல் 560 பேரை மறுபடியும் அழைத்து இரத்தம் எடுத்தார்கள். சராசரி சி-8 அளவு 74.8-இலிருந்து 30.8-க்கு இறங்கியிருந்தது. யாருக்கு அது பாதியாகக் குறைந்ததோ, அவருக்குக் கெட்ட கொலஸ்டிராலான எல்.டி.எல். சுமார் 3.6 சதவீதம் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். முதல் ஆய்வைவிட இந்தச் சிறிய ஆய்வையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனாலும் எல்லாம் ஒத்துப்போகவில்லை. எலிகளுக்கு இதைக் கொடுத்தால் கொலஸ்டிரால் குறைகிறது! புற்றுநோயாளிகள் சிலருக்கு மருந்தாக மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோதும் குறைந்தது. குடிதண்ணீரில் வரும் சிறு அளவும் மருந்தாகக் கொடுக்கும் பேரளவும் சரீரத்தில் ஒன்றுபோல வேலை செய்வதில்லை போலும். 2012-இல் அந்த மூவரும், சி-8-க்கும் உயர்ந்த கொலஸ்டிராலுக்கும் தொடர்பு இருப்பதே அதிக சாத்தியம் என்று அறிவித்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைராய்டு வியாதி, பெருங்குடல் புண், கர்ப்பகால இரத்த அழுத்தம் ஆகிய ஐந்தும் அதே பட்டியலில் இடம்பெற்றன. மாரடைப்பைத் தரும் இருதய இரத்தக்குழாய் வியாதி அதில் இல்லை. அதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொன்னதும் அவர்களுக்கு மதிப்பே.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் மருத்துவர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டன. இந்த இனப் பொருட்களின் மொத்த அளவு இரத்தத்தில் 2 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தால் கொழுப்புப் பரிசோதனைக்கு முன்னுரிமை கொடுக்கவும், மேலும் உள்ளே போகாதபடி வழி தேடவும் அது சொல்கிறது. சிகிச்சை மாறவில்லை. தண்ணீரால் ஏறிய கொலஸ்டிராலுக்கும் உணவும் நடையும் தேவையானால் மாத்திரையுமே மருந்து. உள்ளே சேர்ந்த சி-8 பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கு வருஷம் வரை ஆகிறது; அதுவும் புதிதாகக் குடிப்பது நின்ற பிறகு.