58 என்று எழுதிய தம்பிக்கு



புத்தலப்பட்டில் நீ பார்த்த ஒன்பது வயதுப் பையனின் உளவியல் சோதனை அறிக்கையை, பெயரையும் ஊரையும் அடித்துவிட்டு அனுப்பியிருந்தாய். மூன்றாம் பக்கம் வரைக்கும் பொறுமையாகத்தான் படித்தேன்.

பினே-காமத் சோதனையில் நுண்ணறிவு ஈவு 58 என்று போட்டிருக்கிறாய். எந்த மொழியில் கேட்டாய் என்று ஒரு வரி இல்லை. வீட்டில் தமிழ் என்று முதல் பக்கத்தில் நீயேதான் எழுதியிருக்கிறாய். பள்ளியில் தெலுங்கு, பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ். நீ திருப்பதியில் படித்தவன், தெலுங்கில்தான் கேட்டிருப்பாய். அந்தச் சோதனையே 1930களில் காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக அமைத்தது. அதை உட்கார்ந்த இடத்தில் தெலுங்காக்கி, தமிழ்ப் பையனிடம் கேட்டு, அவன் வாய் திறக்காத இடமெல்லாம் சுழி போட்டிருக்கிறாய். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் சும்மா விட்டிருப்பேன். சித்தூர்ப் பக்கம் டீக்கடையில் ஒருவர் தெலுங்கில் ஆரம்பித்த பேச்சைத் தமிழில்தான் முடிப்பார். அதைக் கேட்டே வளர்ந்தவன் நீ.

பேச்சே தேவைப்படாத செகின் பலகையில் இதே பையன் பத்துக் கட்டைகளையும் வயதுக்கேற்ற நேரத்தில் பொருத்தியிருக்கிறான். அதைக் கடைசி அட்டவணையில் போட்டுவிட்டு, முடிவுரையில் கண்டுகொள்ளவே இல்லை. காது பரிசோதித்த குறிப்பும் காணோம்.

இன்னொன்று, ‘தாய் ஒத்துழைக்கவில்லை’. இந்த வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும். நீ பார்த்தது ஜூன் மாதம். தோத்தாபுரி சீசன். மாங்கூழ் ஃபேக்டரிகளில் ராத்திரி ஷிப்டும் ஓடும். வருஷத்தில் கையில் கொஞ்சம் காசு புரளுகிற நாட்கள் அவை. அப்போது போய் வேலைநாளில் காலை பதினோரு மணிக்கு வா என்றால் எந்தத் தாய் வருவாள்? தன் அக்காவை அனுப்பியிருக்கிறாள். நீ அந்தப் பெரியம்மாவிடமே சமூக முதிர்ச்சி அளவுகோலையும் கேட்டு முடித்துவிட்டாய். மாலின் அமைத்த அந்த 89 கேள்விகளும் பிள்ளையோடு தினமும் இருப்பவரிடம் கேட்க வேண்டியவை. தானாகக் குளிப்பானா? ‘இல்லை’. குளிக்கத் தெரியாதா, இல்லை, இருக்கிற ரெண்டு குடம் தண்ணீரை வீணாக்கிவிடுவான் என்று அம்மாவே ஊற்றிவிடுகிறாளா? பக்கத்து ஊர்ப் பெரியம்மா என்ன கண்டார்!

உனக்கு இது ஒரு எண். ஊனச் சான்றிதழ் தரும் சதரம் முகாமில் இந்த அளவுகோலை வைத்துத்தான் சதவீதம் போடுவார்கள். 40-ஐத் தொட்டால் மாதம் 6,000 ரூபாய் பென்ஷன். கூலி வேலை செய்கிற வீட்டில் அதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? உரிய பிள்ளைக்குக் கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாய் திறக்காத பையன் கையில் அந்தச் சான்றிதழ் வந்துவிட்டால், வகுப்பில் அவனைக் கேள்வி கேட்பதையே வாத்தியார் நிறுத்திவிடுவார். நிறையப் பார்த்தாயிற்று.

மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். மலேரியாவால் பாதி நாள் பள்ளிக்குப் போகவில்லை. பத்து வயதில் தாயைப் பறிகொடுத்தான். வகுப்பில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். மயிலாப்பூர்ப் பள்ளியில் வாத்தியார் அடித்து வராந்தாவில் நிறுத்திவிட்டு மறந்துபோவார். தம்பி நித்யா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவான். ஜே. கிருஷ்ணமூர்த்தியை மந்தபுத்தி என்று பள்ளி முடிவு கட்டிய கதை இது. பிற்பாடு அவர் பெயர் சொல்ல ரிஷி வேலிப் பள்ளி வந்தது. அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பேசாத பிள்ளையெல்லாம் கிருஷ்ணமூர்த்தி என்று நான் சொல்லவரவில்லை. அந்த மலேரியாவையும் அம்மா செத்ததையும் உன் மாதிரி ஆள் விசாரித்திருப்பானா என்றுதான் யோசிக்கிறேன்.

இவ்வளவு திட்டியும் உன்னை விட்டுவிட மனசு வரவில்லை. காரணம் கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில் நீ கிறுக்கியிருந்த குறிப்பு. காத்திருந்த நேரத்தில் பையன் ஐம்பது ரூபாயை எடுத்துப்போய்ப் போண்டா வாங்கி, மீதியை எண்ணி, ஐந்து ரூபாய் குறைகிறது என்று திரும்பக் கடைக்குப் போய்ச் சரியாக வாங்கி வந்தான் என்கிறாய். கணக்குக் கேள்விகளில் இவனுக்கு நீ போட்டிருப்பது சுழி! இதைப் பார்க்கிற கண் எந்தக் கல்லூரியிலும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. அபாரம், தம்பி. இதை ஏன் பென்சிலில் எழுதினாய்?

சீசன் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போ. தமிழ் பேசுகிற ஒருவரைக் கூட்டிக்கொள், ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். அம்மாவிடம் 89 கேள்விகளையும் முதலிலிருந்து கேள். அதுவரை அந்த 58-ஐச் சதரம் முகாமுக்கு அனுப்பாதே.

அன்புடன்,
உன் அண்ணன்