மூன்றாவது டிக் என்று ஒன்றில்லை

நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவாகுமாம். வட்ஸ்அப்பில் மூன்று நீல டிக் விழுந்தால் அரசாங்கம் பார்த்துவிட்டதாம், மூன்றும் சிவப்பானால் வழக்காம். கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் போகிற இடமெல்லாம் இந்தக் கதைதான். படித்தவர்களும் அனுப்புகிறார்கள். கேட்டால், "எதற்கும் சொல்லி வைப்போமே" என்கிறார்கள். சொல்லி வைக்காதீர்கள். அது பொய்.

ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி போய்விட்டது. இரண்டென்றால் மற்றவரின் போனுக்குச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் வாசித்துவிட்டார். மூன்றாவது டிக் அந்தச் செயலியிலேயே கிடையாது. 2016 ஏப்ரலிலிருந்து செய்தி அனுப்புகிறவரின் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில்தான் திறக்கிறது. நடுவில் கம்பனியாலும் வாசிக்க முடியாது. ஒட்டுக்கேட்கிற எவனும் தான் கேட்டதை உங்களுக்கே அறிவிக்கவும் மாட்டான்.

நம் கண்டியே இதற்குச் சாட்சி. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தபோது அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. ஒவ்வொருவரின் செய்தியையும் வாசிக்க முடிந்திருந்தால், வன்முறைக்கு ஆள் சேர்த்தவர்களைக் குழுக் குழுவாகப் பிடித்திருக்கலாமே. நாடு முழுவதற்கும் ஒரு வாரமளவுக்கு ஏன் முடக்க வேண்டும்?

அதற்காக யாருமே பார்ப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. யாரை, எப்போது, எந்தக் கோபுரத்தின் எல்லையிலிருந்து அழைத்தீர்கள் என்ற பதிவு தொலைபேசிக் கம்பனியிடம் இருக்கிறது. விசாரணை வந்தால் அது பொலிஸ் கைக்குப் போகும். பேஸ்புக்கில் பகிரங்கமாக எழுதியதைப் படிக்க உளவாளி தேவையில்லை. குழுவில் போட்டதை உள்ளேயிருக்கும் ஒருவரே ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கொடுப்பார். 2024 பெப்ரவரியில் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பதிவுகளை நீக்கச் சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு வழங்குகிறது. பயப்படுவதென்றால் அதற்குப் பயப்படுங்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்.

இலவச விபிஎன் போட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் தவறு. 2018 முடக்கத்தில் பலர் அவசரமாக இறக்கியது அதைத்தான். தடையைத் தாண்டலாம்; எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை விபிஎன் நடத்துகிறவர் பார்க்கலாம். பிரவுசரின் இன்கொக்னிட்டோவும் பார்த்த தளங்களின் பட்டியலை உங்கள் போனில் வைக்காது, அவ்வளவுதான்.

சிவப்பு டிக்குக்கு நடுங்குகிற அதே ஆட்கள் அடையாள அட்டைப் பிரதியைக் கேட்ட இடத்திலெல்லாம் நீட்டுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள்; பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. பெண்ணென்றால் அதோடு 500 கூடும். 85612 என்று தொடங்கினால் 1985 ஏப்ரல் 21இல் பிறந்த பெண். பெயரும் முகவரியும் அதே தாளில். அந்தத் தாள் கம்யூனிகேஷன் கடை மேசையில் கிடக்கிறது; அப்படியொன்றில் வடை சுற்றி வந்ததையும் பார்த்திருக்கிறேன். 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும் இந்தப் பழக்கம் மாறவில்லை. பிரதி கொடுத்தே ஆகவேண்டுமென்றால், எதற்காக, எந்தத் திகதியில் என்று குறுக்கே பேனையால் எழுதிக் கொடுங்கள். சரியாக விழாத பிரதியைக் கடையில் விட்டு வராமல் கேட்டு வாங்கிக் கிழியுங்கள்.